சிவப்பு கேவலியர்: எல்லையில் இரண்டு அதிகாரிகள் கொல்லப்பட்டதும் 24 வருடம் யாரும் கேட்க விரும்பாத கேள்வியும்

1989 மார்ச் 20, திங்கட்கிழமை. பிற்பகல் மூன்றே கால் வாக்கில் அயர்லாந்துக் குடியரசின் டண்டாக் காவல் நிலையத்திலிருந்து ஒரு சிவப்பு வாக்ஸ்ஹால் கேவலியர் கிளம்பியது. ஓட்டியவர் பாப் புக்கானன், வயது 55. பக்கத்தில் ஹாரி பிரீன், வயது 51. இருவருமே எல்லைக்கு வடக்கே, பிரிட்டன் ஆட்சியிலிருந்த வட அயர்லாந்தின் போலீஸான ஆர்.யு.சி.யில் மூத்த அதிகாரிகள். பிரீன் தலைமைக் கண்காணிப்பாளர், புக்கானன் கண்காணிப்பாளர். சாதாரண உடையில் இருந்தார்கள். கையில் துப்பாக்கி கிடையாது, ஏனென்றால் எல்லை தாண்டித் தெற்கே போகும் ஆர்.யு.சி.காரர் ஆயுதம் கொண்டுபோகக் கூடாது. கார்கூட இலாகா வண்டி இல்லை, புக்கானனின் சொந்தக் கார்.

எல்லையைத் தாண்டி ஜோன்ஸ்பரோ கிராமத்துக்குப் போகும் எடனப்பா சாலையில், சுமார் 3:40 மணிக்கு, ராணுவ உடையில் ஆட்கள் சாலையை மறித்திருந்தார்கள். பார்த்தால் பிரிட்டிஷ் ராணுவத்தின் வழக்கமான சோதனைச் சாவடி மாதிரிதான் இருந்திருக்கும். அது பிரிட்டனை எதிர்த்து, ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதமேந்திய ஐ.ஆர்.ஏ. என்று புக்கானனுக்குப் புரிந்தபோது வண்டியைப் பின்னால் எடுக்கப் பார்த்தார். பிறகு வந்து பார்த்தவர்கள் கார் ரிவர்ஸ் கியரிலேயே நின்றிருந்ததைக் கண்டார்கள். புக்கானன் இருக்கையிலேயே இறந்திருந்தார். பிரீன் காயத்தோடு கீழே இறங்கி, வெள்ளைக் கைக்குட்டையைக் காட்டியிருக்கிறார். அவரையும் சுட்டுக் கொன்றார்கள். காரிலிருந்த காகிதங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். முப்பது வருட மோதலில் கொல்லப்பட்ட ஆர்.யு.சி. அதிகாரிகளிலேயே பதவியில் மிக உயர்ந்தவர் பிரீன்தான்.

யார் சுட்டார்கள் என்பதில் சந்தேகம் எதுவுமில்லை. சந்தேகம் இன்னொரு இடத்தில். அவர்கள் அன்றைக்கு டண்டாக் போகிறார்கள் என்பது ஐ.ஆர்.ஏ.வுக்கு எப்படித் தெரிந்தது?

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். வட அயர்லாந்தில் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டன்ட் பெரும்பான்மைக்கும், ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பிய கத்தோலிக்கச் சிறுபான்மைக்கும் நடந்த மோதலில் 1960களின் கடைசியிலிருந்து 1998 வரை 3,500 பேருக்கு மேல் செத்தார்கள். இதை வெறும் மதச்சண்டை என்று சொல்வது பாதி உண்மைதான். அடியில் கிடந்தது எந்த நாடு, யாருடைய போலீஸ் என்ற கேள்வி. ஆர்.யு.சி.யில் பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்கள். தெற்கே அயர்லாந்துக் குடியரசின் போலீஸ் பெயர் கார்டா. இரண்டு நாடு, இரண்டு சட்டம், நடுவே வளைந்து வளைந்து கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர் எல்லை. பல இடங்களில் அது ஒரு வேலியோ ஓடையோதான். ஐ.ஆர்.ஏ.வுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? வடக்கே அடித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் தெற்கே போய்விடலாம். துரத்தி வருகிறவன் எல்லைக்கோட்டில் நின்றுவிட வேண்டும்.

அதனால் இரண்டு போலீஸும் பேசிக்கொள்வது கட்டாயம் ஆனது, ஆனால் எளிதாக இல்லை. 1982-ல் டௌரா விவகாரம் என்று ஒன்று நடந்தது. தெற்கே நீதி அமைச்சராக இருந்தவரின் உறவினர் மீதான வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய வடக்கத்தி ஆள் ஒருவரை, விசாரணை நாளன்று காலையில் ஆர்.யு.சி. பிடித்து வைத்துக்கொண்டது, சாட்சி வரவில்லை, வழக்கு தள்ளுபடி. அதற்கப்புறம் இரண்டு பக்கத்துத் தலைவர்களுக்கும் நடுவே வருடக்கணக்கில் பனிப்போர். 1985 நவம்பரில் பிரிட்டன் பிரதமர் தாட்சரும் அயர்லாந்துப் பிரதமர் கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டும் ஹில்ஸ்பரோவில் ஆங்கிலோ-ஐரிஷ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எல்லை ஒத்துழைப்பு எழுத்தில் ஏறியது. அதன்படி எல்லையோர அதிகாரிகள் அடிக்கடி சந்திக்க வேண்டும். புக்கானனின் வேலையே அதுதான். வாரத்தில் பல தடவை தெற்கே போய்வருவார், அதே காரில்.

ஒப்பந்தம் வந்ததால் உறவு இனித்துவிடவில்லை. ஆர்.யு.சி. 1982-ல் அர்மா பகுதியில் நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்ற சம்பவங்களில் உண்மையை மறைத்த அதிகாரிகள் யார் மீதும் வழக்கு இல்லை என்று 1988 ஜனவரியில் லண்டன் அறிவித்தபோது தெற்கின் தலைநகரான டப்ளின் கொதித்தது. அதே வருடக் கடைசியில் ஐ.ஆர்.ஏ.வுக்கு உதவியதாக பிரிட்டன் தேடிய பேட்ரிக் ரயன் என்ற பாதிரியாரை நாடு கடத்தி அனுப்ப டப்ளின் மறுத்தபோது தாட்சர் கொதித்தார். 1989 மார்ச்சில் நிலைமை இதுதான்: மேலே அரசியல்வாதிகள் முறைத்துக்கொண்டிருக்க, கீழே எல்லைக் காவல் நிலையங்களில் நாலு அதிகாரிகள் தேநீர் குடித்துப் பேசிக்கொண்டிருந்ததுதான் ஒப்பந்தத்தில் உயிரோடிருந்த பகுதி.

அன்றைய சந்திப்பு எதற்கு என்பதையும் பார்க்க வேண்டும். 'ஸ்லாப்' என்று எல்லோரும் அழைத்த தாமஸ் மர்ஃபி. இவருடைய பண்ணை பாலிபினபி என்ற இடத்தில் எல்லைக்கோட்டின் மீதே உட்கார்ந்திருந்தது. ஒரு நாட்டுக் கதவு வழியாக உள்ளே போன லாரி இன்னொரு நாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிடும். எரிபொருள் வரி எந்தப் பக்கம் குறைவோ அங்கிருந்து எண்ணெய் மறுபக்கம் போகும். ஒரு காலத்தில் பன்றிகளும் தானியமும் ஐரோப்பிய மானியத்துக்காகவே எல்லையைச் சுற்றிச் சுற்றி வந்தன. மர்ஃபி தெற்கு அர்மா ஐ.ஆர்.ஏ.வின் பெரிய தலை என்று இரண்டு பக்கத்துப் போலீஸும் நம்பின. அவர் மறுத்து, பத்திரிகை மீது மானநஷ்ட வழக்குப் போட்டு, 1998-ல் டப்ளின் ஜூரியிடம் தோற்றார். வட அயர்லாந்து அமைச்சர் டாம் கிங் இந்தக் கடத்தலை ஏதாவது செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். அதற்காகத்தான் பிரீன் டண்டாக் போனார். மனசில்லாமல் போனார் என்று அவருடைய உதவி அதிகாரி பின்னாளில் சாட்சி சொன்னார். டண்டாக் நிலையத்தில் ஒரு சார்ஜன்ட் மீது பிரீனுக்கு நம்பிக்கை இல்லையாம். ஆனால் அதே உதவி அதிகாரி 1989-ல் எழுதிக் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் அந்த சார்ஜன்டின் பெயர் இல்லை. பெயர் பல வருடம் கழித்துத்தான் வருகிறது. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். வக்கீல்கள் இரண்டு விதமாகவும் படித்தார்கள்.

டண்டாக்குக்கு அப்போது ஒரு பட்டப்பெயர் உண்டு, 'எல் பாசோ'. அமெரிக்க எல்லை ஊரின் பெயர். வடக்கிலிருந்து தப்பி வந்த ஐ.ஆர்.ஏ. ஆட்கள் சகஜமாகத் திரிந்த ஊர்.

சரி, இப்போது அந்த நாளின் கணக்கு. சந்திப்பு முன்கூட்டியே குறித்த ஒன்றல்ல. அன்று காலையில்தான் புக்கானன் டண்டாக்குக்கு ஃபோன் செய்து, தலைமைக் கண்காணிப்பாளர் ஜான் நோலனோடு பிற்பகல் 2 மணி என்று முடிவு செய்கிறார். 3:40-க்கு இருவரும் இல்லை. இடையில் இருப்பது சில மணி நேரம். அதற்குள் ஆள் சேர்த்து, வண்டி, ஆயுதம், வயர்லெஸ் எல்லாம் ஏற்பாடு செய்து, திரும்பும் பாதைகளில் கண் வைத்து, ஒரு சாலையை மறித்து நிற்க வேண்டும். தெற்கு அர்மா ஐ.ஆர்.ஏ. கெட்டிக்காரர்கள்தான், ஆனாலும் கார் டண்டாக்கில் நிற்பதைப் பார்த்த பிறகு ஒரே மணி நேரத்தில் இதையெல்லாம் செய்திருக்க முடியுமா? முடியாது, பல மணி நேரம் வேண்டும் என்று பின்னாளில் நடந்த விசாரணையில் ராணுவத் தரப்பு சாட்சி சொன்னது.

ஐ.ஆர்.ஏ. தரப்பு பதில் என்ன? இது சுவாரசியமானது. தங்கள் முன்னாள் ஆட்கள் மூன்று பேரை, அதில் ஒருவர் தளபதி நிலையில் இருந்தவர், பின்னாளில் விசாரணை ஆணையத்தின் வக்கீல்களைச் சந்திக்க அனுப்பினார்கள். ஐ.ஆர்.ஏ. இப்படி ஓர் ஆணையத்திடம் தன் தாக்குதல் ஒன்றை விவரித்ததே அபூர்வம். அவர்கள் சொன்னது: எங்களுக்குக் கார்டாவில் யாரும் உதவவில்லை, அந்தச் சிவப்புக் கார் வந்து போவதை ரொம்ப நாளாகக் கவனித்து வந்தோம். இதைச் சட்டென்று ஒதுக்கிவிட முடியாது. புக்கானன் அதே காரில், அதே நிலையத்துக்கு, வாசலிலேயே நிறுத்தி இறங்குகிற மனிதர். எதிரே ஒரு ஜன்னலில் ஒருவன் உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் அவர்கள் நேரில் வந்து குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை என்பதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும்.

என்னை இந்த வழக்கில் பிடித்து நிறுத்துவது தாக்குதல் அல்ல, அதற்கு அடுத்த சில நாட்கள். கார்டாவின் உதவி ஆணையர் ஒருவர் அவசரமாக விசாரித்து, கசிவுக்கு ஆதாரமில்லை என்று முடித்தார். அது எதிர்பார்த்ததுதான், எந்த நிர்வாகமும் தன்னைத்தானே விசாரித்தால் அப்படித்தான் வரும். ஆனால் கொல்லப்பட்டவர்களின் சொந்தத் தலைவர், ஆர்.யு.சி.யின் சர் ஜான் ஹெர்மன், அவரும் கார்டாவிலிருந்து தகவல் போகவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். தன் இரண்டு அதிகாரிகளின் இறுதிச் சடங்கு முடியும் முன்னரே எப்படி அவ்வளவு உறுதி வந்தது? என் கணிப்பு இது: கசிவு என்று ஒப்புக்கொண்டால் மறுநாளிலிருந்து எந்த ஆர்.யு.சி.காரரும் எல்லை தாண்டமாட்டார். ஒப்பந்தத்தில் உயிரோடிருந்த அந்த ஒரே பகுதியும் செத்துவிடும். ஒத்துழைப்பு தேவைப்பட்டதால், ஒத்துழைப்பைக் கெடுக்கும் கேள்வி இரண்டு பக்கத்துக்குமே தேவைப்படவில்லை. யாரோ சதி செய்து மூடினார்கள் என்று நான் சொல்லவில்லை. மூடி வைப்பது எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் பெல்ஃபாஸ்டில் என்ன நடந்தது என்பதையும் மறக்கக் கூடாது. ஐந்து வாரத்துக்கு முன்னால், 1989 பிப்ரவரி 12 அன்று, வழக்கறிஞர் பேட் ஃபினூகன் வீட்டில் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லாயலிஸ்ட், அதாவது பிரிட்டன் ஆதரவு, துப்பாக்கிக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதில் பிரிட்டன் பாதுகாப்புத் துறை ஆட்களின் கை இருந்தது என்று ஒரு தரப்பு சொல்லிக்கொண்டே இருந்தது. டண்டாக்கில் கார்டாவின் கை இருந்தது என்று இன்னொரு தரப்பு. இரண்டு வழக்கும் அரசியலில் தராசின் இரண்டு தட்டு ஆயின. 'உங்கள் போலீஸ் எங்களைக் கொன்றது' என்றால் 'உங்கள் போலீஸும்தான்' என்று பதில். இந்தச் சமன்பாடு செத்தவர்களின் குடும்பங்களுக்கு எவ்வளவு அவமானம் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

டண்டாக் விஷயம் பத்து வருடம் தூங்கியது. 1999-2000-ல் பத்திரிகையாளர்கள் எழுத ஆரம்பித்தார்கள். 2000 ஏப்ரலில் வட அயர்லாந்து எம்.பி. ஜெஃப்ரி டொனால்ட்சன் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்து ஒரு முன்னாள் கார்டா சார்ஜன்டின் பெயரையே சொல்லிவிட்டார். நாடாளுமன்றத்தில் சொன்னால் வழக்குப் போட முடியாது இல்லையா. பெயர் சொல்லப்பட்டவர் கடைசிவரை மறுத்தார். 2001-ல் வெஸ்டன் பார்க் பேச்சுவார்த்தையில் இரண்டு அரசுகளும் ஆறு வழக்குகளை ஒரு வெளி நீதிபதியிடம் கொடுப்பது என்று முடிவு செய்தன. கனடா உச்ச நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்ற பீட்டர் கோரி வந்தார். உள்ளூர் அரசியல் எதுவும் தெரியாத வெளியாள் என்பதே அவருடைய பலம். ஃபினூகன் வழக்கும் அந்த ஆறில் ஒன்று. இதே எல்லையில் 1987 ஏப்ரலில் குண்டுவெடிப்பில் இறந்த நீதிபதி கிப்சன் தம்பதி வழக்கும் ஒன்று. அதில் கசிவுக்குப் போதிய ஆதாரமில்லை, விசாரணை வேண்டாம் என்றார். பிரீன், புக்கானன் வழக்கில் பொது விசாரணை வேண்டும் என்றார். ஒரே எல்லை, ஒரே மாதிரி சந்தேகம், இரண்டு வேறு முடிவு. மனிதர் ஆதாரத்தைப் பார்த்துத்தான் பேசினார் என்பதற்கு எனக்கு இது போதும்.

டப்ளின் 2005-ல் நீதிபதி பீட்டர் ஸ்மித்விக் தலைமையில் ஆணையம் அமைத்தது. பொது விசாரணை தொடங்கவே 2011 ஜூன் ஆனது. அங்கே வந்த சாட்சியங்களில் எனக்கு மறக்காதது கார்டாவின் முன்னாள் மூத்த அதிகாரி டாம் கரன் சொன்னது. அவர் எல்லையோர ஊரான மொனஹனில் இருந்தபோது புக்கானனே நேரில் வந்து, டண்டாக் சார்ஜன்ட் ஒருவர் ஐ.ஆர்.ஏ.வோடு பழகுவதாக எங்கள் பக்கத்தில் கவலை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கரன் அதை டப்ளின் தலைமையகத்தில் மேலதிகாரியிடம் கொண்டுபோனாராம். மேலதிகாரியிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. இன்னொரு சமயம், புக்கானனைக் கொல்ல ஐ.ஆர்.ஏ. திட்டமிடுகிறது என்று ஒரு துப்பு வந்து, அதையும் மேலே அனுப்பியிருக்கிறார். அதுவும் அங்கேயே நின்றுவிட்டது. ஆக, யாரோ ஒருவன் காட்டிக்கொடுத்தானா என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்தாலும், இது சாதாரண அலட்சியம் என்று தள்ளிவிடக்கூடியதா? புக்கானனோ, சந்தேகப்பட்ட பிறகும், அதே காரில் அதே நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். வேலை என்றால் போகத்தான் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கெவின் ஃபுல்டன் என்ற புனைபெயரில் வந்த ஒருவரும் சாட்சி சொன்னார். ஐ.ஆர்.ஏ.வுக்குள் பிரிட்டனின் உளவாளியாக இருந்தவர். கார்டாவுக்குள்ளிருந்து தகவல் வந்தது என்று ஐ.ஆர்.ஏ. கூட்டாளி மூலம் தெரிந்துகொண்டதாகச் சொன்னார். இரட்டை வாழ்க்கை வாழ்ந்த மனிதனின் பேச்சை எவ்வளவு நம்புவது? ஸ்மித்விக் நம்பினார். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். வடக்கத்திப் போலீஸ் தரப்பில் வந்து, கார்டாவில் சிலர் உதவினார்கள் என்ற உளவுத் தகவல் இருக்கிறது என்று சொன்னவர் ட்ரூ ஹாரிஸ். அவரைப் பற்றி அப்புறம்.

2013 டிசம்பர் 3-ல் அறிக்கை வந்தது. துல்லியமான ஆதாரம், இன்னார் இத்தனை மணிக்கு இன்னாருக்கு ஃபோன் செய்தார் என்பது மாதிரி, கிடைக்கவில்லை என்று ஸ்மித்விக் ஒப்புக்கொண்டார். ஆனால் ஐ.ஆர்.ஏ.வுக்கு அசாத்திய அதிர்ஷ்டம் அடித்தது என்று நம்ப வேண்டும், அல்லது இது கவனமாகத் திட்டமிட்டது என்று நம்ப வேண்டும், ஆதாரம் இரண்டாவதைத்தான் காட்டுகிறது என்றார். டண்டாக் நிலையத்துக்குள் யாரோ ஐ.ஆர்.ஏ.வுக்கு உதவினார், அந்த ஆள் அதிகாரிகள் வந்து சேர்ந்ததை உறுதிப்படுத்தியிருக்கலாம் என்பது முடிவு. யார் என்று சொல்லவில்லை. மூன்று முன்னாள் சார்ஜன்ட்கள் வழக்கில் இழுக்கப்பட்டார்கள், ஒருவருக்கு ஐ.ஆர்.ஏ.வோடு தகாத தொடர்பு இருந்தது என்றார், இன்னொருவர் பொய்யான பாஸ்போர்ட் விண்ணப்பங்களில் கையெழுத்துப் போட்டதற்கு ஏற்கெனவே சிறை போனவர். ஆனால் அன்றைய நாளின் கசிவை இவர்கள் யார் மீதும் அவர் உறுதியாகச் சுமத்தவில்லை. கிரிமினல் வழக்கில் இது நிற்காது. 'யாரோ ஒருவர்' என்ற குற்றவாளியைக் கூண்டில் ஏற்ற முடியாது. அந்த நிலையத்தில் யோக்கியமாக வேலை பார்த்தவர்களுக்கும் இது அநியாயம்தான், எல்லோர் மேலும் நிழல் விழுந்தது. கார்டாவிலும் பலர் ஐ.ஆர்.ஏ. கையால் செத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

அறிக்கையில் ஆட்களுக்குக் கோபம் வந்த இடம் இன்னொன்று. கார்டாவில் இன்றைக்கும் நேர்மையைவிட விசுவாசத்துக்குத்தான் மதிப்பு, உண்மை சொல்கிறவனைவிடப் படையின் பெயரைக் காப்பாற்றுவதே முக்கியம் என்று எழுதினார் ஸ்மித்விக். 1989 பற்றிய அறிக்கை, ஆனால் அடி விழுந்தது 2013-ல் பதவியில் இருந்தவர்களுக்கு. டப்ளின் அரசு மன்னிப்புக் கேட்டது. அப்போது ஐ.ஆர்.ஏ.வோடு தொடர்புடைய சின் ஃபெய்ன் கட்சியின் தலைவர் ஜெரி ஆடம்ஸ் வானொலியில் வாயை விட்டார்: அந்த இரண்டு அதிகாரிகளும் தங்கள் பாதுகாப்பில் அலட்சியமாக இருந்தார்கள் என்ற அர்த்தத்தில் பேச, நாடே திட்டியது. செத்தவன் மேலேயே பழி. ஐ.ஆர்.ஏ. சொன்ன 'காரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்' என்ற விளக்கத்தை அவர் வேறு வார்த்தையில் சொன்னார் என்று வைத்துக்கொண்டாலும், கைக்குட்டை காட்டிய மனிதனைச் சுட்டவர்கள் பக்கம் நின்று அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

பிரீன் பேசப் போன வேலை என்ன ஆனது? ஸ்லாப் மர்ஃபியின் பண்ணையில் இரண்டு பக்கத்துப் போலீஸும் சேர்ந்து பெரிய சோதனை நடத்தியது 2006 மார்ச்சில், கிட்டத்தட்டப் பதினேழு வருடம் கழித்து. 2015-ல் வரி ஏய்ப்பு வழக்கில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பு வந்து, அடுத்த வருடம் 18 மாதச் சிறை கொடுத்தார்கள். எடனப்பா சாலைக் கொலைகளுக்கு இன்றுவரை யாருக்கும் தண்டனை இல்லை.

ட்ரூ ஹாரிஸ் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அவருடைய அப்பா ஆல்வின் ஹாரிஸும் ஆர்.யு.சி. கண்காணிப்பாளர். அதே 1989-ல், அக்டோபரில், மனைவியோடு தேவாலயத்துக்குக் கிளம்பியபோது காரின் அடியில் ஐ.ஆர்.ஏ. வைத்த குண்டில் இறந்தார். மகன் வடக்கத்திப் போலீஸில் மேலே மேலே போய், கார்டாவுக்கு எதிராக சாட்சி சொல்லி, அப்புறம் 2018 செப்டம்பரில் அந்த கார்டாவுக்கே ஆணையராக நியமிக்கப்பட்டார். பிரிட்டனின் ரகசியங்களைக் காப்பதாக உறுதிமொழி எடுத்தவரை எப்படி எங்கள் போலீஸுக்குத் தலைவராக்கலாம் என்று எதிர்ப்பு வந்தது. டப்ளினில் ஒரு காவல் நிலையத்தில், நள்ளிரவு தாண்டிய உடனே, கூட்டமில்லாமல் பதவி ஏற்றுக்கொண்டார்.